காமிராவுக்கு வெள்ளை எது என்று சொல்லிக் கொடுங்கள்

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து 2018-ல் ஓய்வு பெற்றவன் நான். படிப்பு பாலிடெக்னிக் டிப்ளமோவோடு சரி. போட்டோ எடுப்பதைத் தொழிலாகக் கற்றவனும் அல்ல. ஆனாலும் விழா நாட்களில் தோளில் காமிராவோடு வந்து நிற்பதால், "என் புடவைக் கலரே மாறிப் போச்சே, ஏன் சார்?" என்று நம் சங்கத்துச் சகோதரிகள் என்னைத்தான் பிடித்துக் கொள்கிறார்கள். பந்தி நடக்கும் நேரத்தில் நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமல்ல இது. ஆகவே எழுதிவிடுகிறேன். இந்தப் பாடத்தை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் என் அப்பா கேட்ட ஒரே ஒரு கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு.

1980-ல் நான் பணியில் சேர்ந்தபோது, மத்தியப் பிரதேசத்துச் சின்ன ஸ்டேஷன்களில் கைகாட்டி சிக்னல்கள் இருந்தன. மாலையானால் லாம்ப்மேன் ஏணியில் ஏறி மண்ணெண்ணெய் விளக்கை வைத்துவிட்டு இறங்குவார். விளக்குக்கு முன்னால் சிவப்பு, பச்சைக் கண்ணாடிகள். ஒரு நாள் பகலில் கழற்றி வைத்திருந்த பச்சைக் கண்ணாடியைக் கையில் எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். அது பச்சையாக இல்லை. நன்றாகவே நீலம் கலந்திருந்தது. தவறான கண்ணாடி வந்துவிட்டது என்று பதறிப்போய் வயதான மெயின்டெய்னரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "பத்தி பீலி ஹை நா, சாப்" என்றார். விளக்கு மஞ்சள் அல்லவா, அதற்குத்தான் இந்த நீலம் என்று அர்த்தம். மண்ணெண்ணெய்ச் சுடரில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி, நீலம் குறைவு. அதன் முன்னால் நிஜமான இலைப் பச்சைக் கண்ணாடியை வைத்தால் டிரைவர் கண்ணுக்கு மஞ்சள் அடித்த பச்சையாகத்தான் தெரியும். கண்ணாடியை நீலப் பக்கம் சாய்த்தால்தான் இரவில் சரியான பச்சை கிடைக்கும்.

நிறம் என்பது பொருளிடம் மட்டும் இருப்பதல்ல. அதன்மேல் விழும் ஒளியிடமும் பாதி இருக்கிறது. டிஜிட்டல் காமிராவின் நிறக் கோளாறு எல்லாமே இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகிறது.

நம் கண்ணுக்கு இந்தத் தொல்லை தெரிவதில்லை. வெள்ளை வேட்டியோடு பூஜை அறையில் குத்துவிளக்கு முன் நிற்கிறோம். அப்படியே வாசலுக்கு வந்து வெயிலில் நிற்கிறோம். வேட்டியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி உள்ளே மஞ்சள், வெளியே வெள்ளை. ஆனால் மூளை இரண்டு இடத்திலும் "வேட்டி வெள்ளை" என்று கணக்கைச் சரிசெய்து கொள்கிறது. காமிராவுக்கு அந்த மூளை இல்லை. வந்த ஒளியை அப்படியே பதிக்கும். எது வெள்ளை என்று யாராவது சொன்னால்தான் மற்ற நிறங்களை இடத்தில் உட்கார வைக்கும். இதற்குத்தான் ஒயிட் பேலன்ஸ் என்று பெயர்.

காமிராவில் 'ஆட்டோ' என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது ஊகம் செய்கிறது. படத்தில் உள்ள எல்லா நிறங்களையும் கலந்தால் ஏறத்தாழச் சாம்பல் நிறம் வரவேண்டும் என்பது பழைய ஊகம். இன்றைய காமிராக்கள் இன்னும் பல தந்திரங்கள் செய்தாலும் அடிப்படையில் ஊகம் ஊகம்தான். தெருக்காட்சிக்கு இது பெரும்பாலும் பலிக்கும். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு எடுத்துப் பாருங்கள். மஞ்சள் புடவை, மஞ்சள் பூசிய முகம், தட்டில் மஞ்சள், பின்னால் சாமந்தி மாலை. "அடடா, விளக்கு மிகவும் மஞ்சளாக இருக்கிறது போலிருக்கிறது" என்று காமிரா முடிவு செய்து, நீலத்தைக் கூட்டிவிடும். மங்கலமாக உட்கார்ந்திருக்கும் பெண் சாம்பல் பூத்துப் போய் வருவாள். குற்றம் காமிராவுடையதல்ல. சொல்ல வேண்டியதை நாம் சொல்லவில்லை.

சொல்வதற்கு ஒரு மொழி உண்டு. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். அந்தச் சூட்டைக் கெல்வின் அளவில் சொல்வது போலவே ஒளியின் நிறத்தையும் சொல்கிறார்கள். மெழுகுவர்த்தி சுமார் 1,900 கெல்வின். பழைய குண்டு பல்பு 2,700 முதல் 2,800. நடுப்பகல் வெயில் 5,500 சுமார். மேகமூட்டம் 6,500. வெயில் படாமல் நீல வானத்தின் வெளிச்சம் மட்டும் விழும் நிழல் 7,000-க்கும் மேலே. எண் ஏற ஏற ஒளி நீலமாகிறது. இதில் எல்லோரும் ஒரு முறை தடுக்கி விழுவார்கள்: காமிராவில் எண்ணை ஏற்றினால் படம் நீலமாகாது, மஞ்சளாகும். ஏனென்றால் "இங்கே ஒளி நீலம்" என்று நீங்கள் சொன்னதாக எடுத்துக்கொண்டு, அதை ஈடுகட்ட அது மஞ்சளைச் சேர்க்கிறது. நம் மெயின்டெய்னர் மஞ்சள் விளக்குக்கு நீலக் கண்ணாடி போட்ட கதையேதான்.

கெல்வின் அளவு நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே மட்டும் ஓடும். பச்சைக்கும் ஊதா கலந்த சிவப்புக்கும் இடையே ஓடும் இன்னொரு திருகு உண்டு. 'டின்ட்' என்று போட்டிருப்பார்கள். பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சைச் சாயல் வருமே, அதைக் களைவது இந்தத் திருகுதான். எனக்கு இது தெரியாமல் போனதால் வந்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அப்பா கேட்டது

2012-ல் அப்பாவுக்கு சதாபிஷேகம். நாக்பூரில்தான் செய்தோம். மண்டபத்தின் பெயர் வேண்டாம். மேலே பச்சை ஃபைபர் ஷீட் போட்ட கூரை. சீதாபுல்டியில் வாங்கிய சின்ன டிஜிட்டல் காமிராவால் நானே நூறு படம் எடுத்தேன். அம்மா அரக்குக் கலர் காஞ்சிபுரம் பட்டு. அன்று கண்ணுக்கு எல்லாம் நன்றாகவே இருந்தது. மூளை சரிசெய்து கொண்டதல்லவா. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் அத்தனை முகமும் பாசி பிடித்த மாதிரி. பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று மூடி வைத்தேன்.

அடுத்த ஆண்டு அம்மா தவறிப்போனார். மாலை போட்டு மாட்டுவதற்குப் படம் வேண்டும். அம்மா நேராகப் பார்த்துச் சிரித்த படம் அந்த நூறில் ஒன்றுதான். ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். அவர்கள் பச்சையை எடுத்தார்கள். கூடவே, கேட்காமலே, முகத்தை நன்றாக வெளுப்பாக்கி, சுருக்கங்களையும் துடைத்துத் தந்தார்கள். அம்மா நல்ல கறுப்பு. சட்டம் போட்டு வந்த படத்தை அப்பா இரண்டு கையாலும் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "யாருடா இது?" என்றார்.

அவருக்கு நினைவு தவறவில்லை. நிஜமாகவே கேட்டார். அறுபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்த முகத்தைப் பார்த்து வாழ்ந்தவர்.

அந்தச் சட்டத்தை அன்றே கழற்றிவிட்டேன். மூலப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து நானே உட்கார்ந்தேன். இதற்கான மென்பொருளில் மை உறிஞ்சும் குழாய் போல ஒரு கருவி இருக்கும். படத்தில் வெள்ளை அல்லது சாம்பலான ஒரு இடத்தில் அதை வைத்து அமுக்கினால், அந்த இடத்தை நிறமற்றதாக்கி, அதே கணக்கில் படம் முழுவதையும் மாற்றும். முதலில் அப்பாவின் வேட்டியில் வைத்தேன். பச்சை போயிற்று; முகங்கள் மஞ்சள் காமாலை கண்டவை போலாயின. யோசித்தபோதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவார்கள். அது வெள்ளை அல்ல, இளநீலம். நீலத்தை வெள்ளை என்று நான் சொன்னதும் படம் மஞ்சளுக்குச் சாய்ந்துவிட்டது.

வேறு எது வெள்ளை? அப்பாவின் நெற்றியைப் பார்த்தேன். மூன்று விரலால் பட்டையாக இட்ட திருநீறு. சாம்பல், சாயம் போடாதது. பரிசோதனைக் கூடத்து வெண்மை இல்லைதான். ஆனால் எந்த நிறத்தின் பக்கமும் அதிகம் சாயாத பொருள். அதிலும் வெளிச்சம் அடித்து வெளுத்துப் போன மேல் ஓரத்தை விட்டு, நடுவில் வைத்து அமுக்கினேன். (வெளுத்துப் போன இடத்தில் தகவலே இருக்காது, அங்கே அமுக்குவது வீண்.) டின்ட் திருகு தானாக ஊதாப் பக்கம் நகர்ந்தது. அம்மாவின் கறுப்பு திரும்பி வந்தது. நெற்றிக் குங்குமம் குங்குமமாயிற்று.

புடவை மட்டும் வரவில்லை. பச்சை ஷீட் சிவப்பு ஒளியை உள்ளே விட்டால்தானே அரக்கு தெரியும்? வராத ஒளியை எந்த மென்பொருளும் உண்டாக்காது. பீரோவிலிருந்து அந்தப் புடவையை எடுத்து ஜன்னலோரம் விரித்துவைத்து, திரையையும் அதையும் மாறி மாறிப் பார்த்து இரண்டு நாள் போராடினேன். கடைசியில் என் மனைவி, "புடவை கெடக்கட்டுங்க, முகம் அத்தை முகந்தான்" என்றாள். விட்டுவிட்டேன். அப்பா அந்தப் படத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சொன்னார்.

நம் முகங்களும் காமிராவும்

ஸ்டூடியோக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி 1950-களிலிருந்து பிரிண்ட் போடும் லாப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தது. அதில் இருந்தவள் வெள்ளைக்காரப் பெண். 'ஷர்லி கார்டு' என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று வைத்துக் கொண்டார்கள். கறுத்த முகங்கள் சேறு போல் வருவது பற்றி வெகுகாலம் கவலைப்படவில்லை. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பழுப்பு நிறங்களைச் சரிசெய்யக் கம்பெனியை முதலில் நெருக்கியவர்கள் சாக்லேட் செய்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும் என்று அவர் பதிவு செய்துள்ளார்! தங்கள் விளம்பரப் படங்களில் தேக்கும் சாக்லேட்டும் ஒன்றுபோல் தெரிந்தால் அவர்களுக்கு நஷ்டமல்லவா. பல நிறத்தவரும் உள்ள கார்டுகள் 1990-களில்தான் வந்தன. செல்போனில் கூகிள் நிறுவனம் 2021-ல் பிக்சல் 6 போனோடு 'ரியல் டோன்' என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது, எல்லா நிறத்து முகமும் உள்ளபடி வரவேண்டும் என்று.

உங்கள் போனில் 'பியூட்டி' என்று ஒரு பொத்தான் இருந்தால் முதலில் அதை அணையுங்கள். பெண் பார்க்க அனுப்பும் போட்டோவுக்கு அது வேண்டும் என்பவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் நேரில் வரும் பெண் வேறு ஒருத்தியாகத் தெரிவாள்.

இன்னொன்று, வெளிச்ச அளவு. காமிரா எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் அளவு பிரகாசமாக இருக்கவேண்டும் என்று கணக்குப் போடும். வெள்ளைச் சுவருக்கு முன் தாத்தாவை நிறுத்தினால் சுவரைச் சாம்பலாக்கி, தாத்தாவைக் கரியாக்கிவிடும். கறுத்த முகம் படம் முழுவதும் நிறைந்தால் நேர்மாறாக அதை வெளிறடிக்கும். பிளஸ், மைனஸ் என்று போட்டிருக்கும் திருகு இதற்குத்தான். முதலில் சொன்ன இடத்தில் பிளஸ், பின்னதில் மைனஸ். குங்குமம், செம்பருத்தி, சிவப்புப் பட்டு போன்ற அடர்ந்த சிவப்புகளுக்கும் சற்று மைனஸ் நல்லது. சிவப்புப் பதிவு மட்டும் நிரம்பி வழிந்துவிட்டால், செம்பருத்தியில் இதழ் மடிப்பு எதுவும் தெரியாமல் சிவப்பு பெயின்ட் கொட்டியது போலாகும்.

விளக்கு, அட்டை

நிறம் நன்றாக வர, காமிராவை மாற்றுவதைவிட வெளிச்சத்தை மாற்றுவது மலிவு. ஜன்னல் வெளிச்சம் வருகிற அறையில் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஒரு கன்னத்தில் வானம், மறு கன்னத்தில் மஞ்சள் பல்பு என்றால் எந்த ஒயிட் பேலன்ஸாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாது. சுவர் பச்சை பெயின்ட் என்றால் அதன் அருகில் நிறுத்தாதீர்கள். பச்சை முகத்தில் தெறிக்கும். புல்தரையும் அப்படியே, தாடைக்குக் கீழே பார்த்தால் தெரியும். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் சிவப்பும் மஞ்சளுமாக ஷாமியானா போடுகிறார்களே, அதன் கீழே நிற்பவர்கள் எல்லோரும் தக்காளி ரசத்தில் குளித்தவர்கள். ஐந்து நிமிடம் அவர்களை வெளியே வராந்தா நிழலுக்கு அழைத்து வாருங்கள். நாக்பூர் மே மாத வெயிலில் அதற்கு மேல் யாரும் நிற்கவும் மாட்டார்கள்.

வீட்டு எல்.இ.டி. விளக்குகள் தனிச் சங்கதி. அநேகமாக உள்ளே நீல ஒளி விடும் சில்லு ஒன்று. அதன்மேல் மஞ்சள் பாஸ்பரம் பூசி வெள்ளையாகக் காட்டுகிறார்கள். மலிவான விளக்கில் அடர்சிவப்பு மிகக் குறைவு. அரக்குப் புடவை அதில் பழுப்பாகத் தெரியும்; தோலும் உயிரற்றுத் தெரியும், ஏனென்றால் தோலுக்கு உயிர் தருவது அடியில் ஓடும் ரத்தச் சிவப்பு. விளக்கு வாங்கும்போது டப்பாவில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். 90-க்கு மேல் இருந்தால் நல்லது. அந்த எண்ணும் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரிதான்; அடர்சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதைத் தனியாக ஆர்-9 என்று சில கம்பெனிகள் போடுகின்றன. போடுகிறவரிடம் வாங்குங்கள். புடவைக் கடையில் "வெளியே வெளிச்சத்தில் காட்டுப்பா" என்று நம் பாட்டிகள் வாசலுக்குத் தூக்கி வந்தது முழு விஞ்ஞானம்.

இனி வெள்ளை எது என்று சொல்லும் வழி. வேட்டி ஆகாது என்று பார்த்தோம். சலவைத் தூளிலும், நாம் எழுதும் வெள்ளைக் காகிதத்திலும்கூடப் பளிச்சென்று காட்டும் ரசாயனம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழும் சாமான் அது. அதற்கென்றே விற்கும் சாம்பல் அட்டையை வாங்கலாம். நான் செய்திருப்பது வேறு. குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் டேப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஒரு தபால் கார்டு அளவு அட்டையில் அதைப் பத்துப் பதினைந்து சுற்று, அடியில் உள்ளது தெரியாதபடி சுற்றிவிடுங்கள். டெஃப்லான் எல்லா நிற ஒளியையும் ஏறக்குறையச் சமமாகத் திருப்பி அனுப்பும். ஒளி அளக்கும் ஆய்வுக்கூடங்களில் வைத்திருக்கும் விலையுயர்ந்த வெண்தகடும் இதே பொருளில் செய்ததுதான்.

முகம் இருக்கும் இடத்தில், முகத்தில் விழும் ஒளி விழும்படி அந்த அட்டையைப் பிடிக்கச் சொல்லி முதலில் ஒரு படம் எடுங்கள். காமிராவில் 'கஸ்டம் ஒயிட் பேலன்ஸ்' இருந்தால் அந்தப் படத்தையே காட்டி அமைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பிறகு கம்ப்யூட்டரில் அட்டைமீது உறிஞ்சுகுழாயை வைத்து, அதே மாற்றத்தை மற்றப் படங்களுக்கும் கொடுக்கலாம். ஜிம்ப், டார்க்டேபிள் இரண்டும் இலவசம்; போனில் ஸ்னாப்சீட். இரண்டும் இயலாதவர்கள் ஆட்டோவை விட்டு 'டேலைட்' என்று நிரந்தரமாக வைத்துவிடுங்கள். தவறினாலும் எல்லாப் படமும் ஒரே மாதிரி தவறும், திருத்துவது எளிது.

காமிராவில் 'ரா' என்ற பதிவு இருந்தால், முக்கியமான நாட்களில் அதையும் சேர்த்துப் பதியுங்கள். சாதாரண ஜேபெக் படம் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் வைத்திருக்கும். 'ரா' 4,096 அல்லது 16,384 படிகள். அதோடு ஒயிட் பேலன்ஸை அது முடிவு செய்து அழுத்திவிடாமல் நம்மிடமே விட்டுவைக்கும். 2012-ல் என் சின்னக் காமிராவில் அது இல்லை.

திருத்தும் வேலையைப் பகலில் செய்யுங்கள். இரவில் போன் திரையும் கம்ப்யூட்டர் திரையும் கண்ணுக்கு இதமாக என்று தாமாகவே மஞ்சளாகும் ஏற்பாடு உண்டு. அதை அணைக்காமல் திருத்தினால் காலையில் எல்லா முகமும் நீலமாக இருக்கும். பிரிண்டுக்கு அனுப்பும்போது 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்ற வகையிலேயே அனுப்புங்கள். 'அடோபி ஆர்.ஜி.பி.'யில் அனுப்பி, லாபில் அதைக் கவனிக்காவிட்டால் நிறம் சப்பென்று வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை எப்போதும் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பதில்லை. கார்த்திகை அகல் வெளிச்சத்தில் குழந்தை முகத்தை எடுத்துவிட்டு, அட்டையை வைத்து மஞ்சளை முழுக்கத் துடைத்தால், டியூப்லைட்டில் எடுத்த மாதிரி ஆகிவிடும். விளக்கு எங்கே போயிற்று? பாதி மஞ்சளை விட்டு வையுங்கள். அந்தி வெயிலும் அப்படியே. 'விவிட்' என்ற பொத்தானுக்கும் எனக்கும் ஆகாது. நம் ஊர் சந்த்ராப் பழத்தின் தோல் அங்கங்கே பச்சைத் திட்டோடுதான் இருக்கும். விவிடில் எடுத்தால் பிளாஸ்டிக் பந்து.

வரும் பொங்கல் விழாவுக்கு டெஃப்லான் அட்டைகள் நாலைந்து செய்து கொண்டு வருகிறேன். வேண்டுபவர்கள் கேட்டு வாங்கிக் கொள்ளலாம்.

அம்மா படத்துக்குப் பக்கத்தில் இப்போது அப்பாவும் இருக்கிறார். 2016-ல், எங்கள் வராந்தாவில், காலை எட்டு மணி நிழலில் எடுத்தது. அட்டையை மார்புக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். "என்னடா இது, ஜெயில்ல கைதியை எடுக்கற மாதிரி" என்று வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அட்டை இல்லாமல் பத்துப் படம் எடுத்தேன். எதிலும் அந்தச் சிரிப்பு இல்லை. அட்டையோடுதான் மாட்டியிருக்கிறோம்.